பேரிமூர் குடும்பமும் என் பெரியப்பாவும்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலப் புத்தகம் என்றால் இன்றும் பக்கத்தில் அகராதி வேண்டும். அப்படித்தான் அமெரிக்காவின் பேரிமூர் நடிகர் குடும்பத்தின் வரலாற்றை மூன்று வாரமாகப் படித்து முடித்தேன். பூசி மெழுகாத புத்தகம்.

தந்தை மாரிஸ் 1849இல் நம் ஆக்ராவில் பிறந்தவர். சொந்தப் பெயர் ஹெர்பர்ட் பிளைத். அமெரிக்க மேடையில் கொடிகட்டிப் பறந்தவர், 1901இல் புத்தி பேதலித்து, 1905இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். பிள்ளைகள் லயனல், எத்தல், ஜான். முதல் இருவரும் ஆஸ்கர் பெற்றவர்கள். ஜான் 1922இல் நியூயார்க்கில் ஹாம்லெட்டாக 101 காட்சிகள் நடித்தார். பிறகு குடி அவரைத் தின்றது. கடைசியில் வசனத்தைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. 1942இல், 60 வயதில் போனார். மகள் டயானாவும் குடியில் சிக்கினாள். 1957இல் அதைத் தானே எழுதினாள். 38 வயதில் முடிந்தது.

செத்தவர்களைப் பற்றி இதெல்லாம் எதற்கு என்று பாதியில் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது. என் பெரியப்பாவைப் பற்றி இங்கே எழுதியபோது ஆர்மோனியத்தை எழுதினேன், சாராயத்தை விட்டுவிட்டேன். அவர் மகனிடமும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவனும் அதே வழியில் 41 வயதில் போனான்.

பணிப்பதிவேட்டில் பாராட்டையும் தண்டனையையும் ஒரே மையில்தான் எழுதுவோம். ஆகவே திருத்துகிறேன்: பெரியப்பா குடித்தார். ஆர்மோனியமும் அருமையாக வாசித்தார்.