முறையீடு கேட்பவர் யார்?



வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு இது வெறும் பழமொழி அன்று. லிங்கியிலும் சிலியாவிலும் பகாவிலும் கங்காணிமீது குறை இருந்தால் கிராணியிடம் சொன்னார்கள். கிராணிமீது குறை இருந்தால் துரையிடம் சொன்னார்கள். துரைமீதே குறை என்றால்? தொழில் இலாகா இருந்தது. ஆனால் லயத்திலிருந்து பட்டணம் வெகு தூரம்.

இந்நிலையை மாற்றியது தொழிற்சங்கம். 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதை நடத்திய பி. பி. நாராயணன், நெகிரி செம்பிலான் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர். குறை சொல்லத் துரைக்குக் கட்டுப்படாத ஓர் இடம் கிடைத்தது. அதுவே சங்கத்தின் பெரும் பயன் எனலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபின், அதே கேள்வி காவல் நிலைய வாசலில் எழுந்தது. 2004இல் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி காலத்தில், முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 2005இல் அது 125 பரிந்துரைகளை அளித்தது. காவல் துறைமீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திர ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது.

காவல் துறையினர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 2009இல் பல அமலாக்கத் துறைகளுக்கும் பொதுவான ஓர் ஆணையத்துக்கே சட்டம் இயற்றப்பட்டது. 2019 சூலையில் சுதந்திர ஆணைய மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தவறிழைத்தவர்மீது ஆணையமே ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது வழி செய்தது. 2020இல் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அம்மசோதா மீட்டுக்கொள்ளப்பட்டு, வேறொன்று முன்வைக்கப்பட்டது. 2022இல் நிறைவேறிய அது, 2023 சூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? புதிய ஆணையம் விசாரிக்கும், தண்டிக்காது. ஒழுங்கு நடவடிக்கைக்கான முடிவைக் காவல் படை ஆணையத்துக்கு அனுப்பும். அரசியலமைப்பின் 140ஆம் விதிப்படி அதன் தலைவர், காவல் துறைக்குப் பொறுப்பான அமைச்சர். காவல் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். படையின் ஒழுங்கு அந்த விதிக்கு உட்பட்டது, வெளியார் தண்டித்தால் காவலரின் மனவுறுதி குலையும் என்பது ஒரு சாராரின் வாதம். அதை நாம் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆயினும் கிராணிமீதான குறை மீண்டும் துரையின் மேசைக்கே போவதை நம் தோட்டத்து முதியவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.

சட்டம் குறைவுடையதாயினும் பயன்படுத்தத் தெரிந்திருத்தல் நன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். பொதுவாக, விசாரணைக்கு முன் உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ளலாம். நாள், நேரம், நிலையத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்போம். எழுத்தில் உள்ள முறையீட்டை எளிதில் மறுக்க முடியாது. சங்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடமும் அதுவே.