வெளிப்புறப் படப்பிடிப்பில் கம்பியில்லா மானிட்டர்

கேமராவில் பதிவாகும் படத்தை, எடுக்கும் இடத்திலேயே, சற்றுத் தள்ளியிருக்கும் திரையில் உடனுக்குடன் பார்க்கும் ஏற்பாட்டைக் கம்பியில்லா மானிட்டர் என்கிறோம். எடுப்பவர் வெயிலில் நிற்பார். இயக்குநரோ விளம்பரதாரரோ கல்யாண வீட்டாரோ குடை நிழலில் டேப்லெட்டைப் பார்த்துச் சரி சொல்வார்கள். கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் தடையில்லாத வெட்டவெளிக்கானது. வயலிலும் காட்டிலும் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அந்தத் தூரத்தைக் கூட்டும் வழிகள் என்னென்ன என்பதைத் தென்காசி மாவட்டத்தின் இரண்டு முனைகளான குற்றாலத்து மலையடிவாரத்தையும் திருவேங்கடத்துக் கரிசல் காட்டையும் வைத்தே விளக்கிவிடலாம்.

தோற்றம்

எடுத்ததை அங்கேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை முதலில் உடனடிப் படம் தரும் போலராய்டு கேமராவில் நிறைவேறியது. 1948இல் விற்பனைக்கு வந்த அந்தக் கேமராவின் வழிவந்த பிலிம்களில் வெளிச்சத்தைச் சோதித்துவிட்டு, பிறகு நல்ல பிலிமில் எடுப்பது ஸ்டுடியோ வழக்கமாயிற்று. மானிட்டரோ சினிமா தந்த கொடை. 1960இல் ‘தி பெல்பாய்’ படத்தை இயக்கி நடித்த ஜெர்ரி லூயிஸ், தன் நடிப்பைத் தானே பார்ப்பதற்காக பிலிம் கேமராவோடு வீடியோ கேமராவையும் இணைத்தார். புகைப்படத்துக்கு அந்த வசதி வர இன்னும் 30 ஆண்டுகள் பிடித்தன. 1991இல் கோடாக் வெளியிட்ட டிஜிட்டல் கேமரா 1.3 மெகாபிக்சல் கொண்டது. அதன் வன்தட்டும் சிறு கறுப்பு வெள்ளைத் திரையும் தோளில் மாட்டும் தனிப்பெட்டியில் இருந்தன. கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவே கேபிள் தொங்கியது.

அந்தக் கேபிளை அறுத்தது 2003இல் நிக்கான் டி2எச் கேமராவோடு வந்த டபிள்யூடி-1 என்ற வைஃபை கருவி. அதன் சிறிய ஆண்டெனா சுமார் 30 மீட்டர் எட்டும். தனியாக விற்ற நீள ஆண்டெனாவை மாட்டினால் 150 மீட்டர் வரை போகும். மின்சக்தியை ஏற்றாமல், ஆண்டெனாவை மட்டும் மாற்றியே தூரத்தை ஐந்து மடங்காக்கலாம் என்பது கருவி பிறந்த அன்றே தெரிந்திருந்தது. மறு ஆண்டு கேனான் தன் கருவியைக் கொண்டுவந்தது. 2007இல் மெமரி கார்டுக்குள்ளேயே வைஃபையை அடக்கிய ‘ஐ-ஃபை’ வந்தது.

ஆண்டெனாவே தூரத்தைக் கூட்டும் என்ற பாடத்தைத் தென் தமிழ்நாடு டபிள்யூடி-1க்கும் 20 ஆண்டுகள் முன்பே படித்துவிட்டது. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியதும் திருநெல்வேலிச் சீமையிலும் தூத்துக்குடிக் கரையிலும் வீட்டு மாடிகளில் ஆண்டெனா கட்டிய உயரமான குழாய்கள் முளைத்தன. மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்துத் தென்கிழக்காகத் திருப்ப, கீழே தொலைக்காட்சி முன்னிருந்து மற்றவர் “இன்னும் கொஞ்சம்... நில்லு, நில்லு, இப்ப தெரியுது” என்று கத்துவார். ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் நின்றது. இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. பெரும்பகுதி கடல். மலையின் உயரமும், கடல்மேல் படியும் காற்றடுக்குகளும், 1926இல் ஜப்பானியர்களான உடாவும் யாகியும் வடிவமைத்த சீப்புப் பல் ஆண்டெனாவும் சேர்ந்து அந்தப் படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. கூடவே மாட்டிய பூஸ்டர் பெட்டி, வந்த சிக்னலைப் பெருக்கியதே தவிர, வராததை வரவழைக்கவில்லை.

தேனிச் சோதனை

வைஃபை அலையில் தொலைதூரப் படம் பார்த்ததில் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கண் மருத்துவத்தில்தான் இருக்கிறது. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் எரிக் புரூவர் தலைமையிலான கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து சுற்றுக் கிராமங்களின் பார்வை மையங்களைக் கம்பியில்லாமல் இணைத்தன. நோயாளி ஊரிலேயே உட்கார்ந்திருக்க, தேனியில் இருந்த மருத்துவர் அவரை வீடியோவில் பார்த்துப் பேசினார். இணைப்புகள் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்டன. சாதாரண வைஃபை ஒவ்வொரு துண்டுத் தகவலையும் அனுப்பியதும் “கிடைத்தது” என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து அதையே மறுபடி அனுப்பும். குழு இதை மாற்றி, நேரம் பிரித்து முறைவைத்து அனுப்பவும், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் தரவும் மென்பொருள் எழுதியது. அதோடு கோபுரம், நேர்ப்பார்வை, குவி ஆண்டெனா. அவர்களை அதிகம் படுத்தியது அலை அல்ல. ஏறி இறங்கும் மின்னழுத்தமும் அதில் கருகிய மின்சுற்றுப் பலகைகளும்தான். ஜெனரேட்டரை நம்பி வெளிப்புறத்தில் வேலை செய்கிறவர்கள் இதை மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

கரிசலும் அருவியும்

திருவேங்கடம் பக்கம் நிலம் தட்டை. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், இடையிடையே உடைமரம். இங்கே அலைக்குத் தடையாவது தரையும் ஆட்களும்தான். இரு ஆண்டெனாக்களுக்கு நடுவே கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த சுரைக்காய் வடிவில் ஒரு வெளியும் வேண்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 200 மீட்டர் போக, நடுவே அந்த வெளியின் ஆரம் 2.5 மீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது திறந்திருக்க வேண்டும். இதே மாவட்டத்தில், ‘ரோஜா’ திரைப்பட நாயகியின் ஊராக வரும் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் இந்தக் கணக்கு பளிச்சென்று விளங்கும். பூத்த செடி ஒன்றரை மீட்டர் நிற்கிறது. கேமராக்காரர் அதற்குள் குனிந்து எடுக்கிறார், கேமராவையும் திரையையும் இணைக்கும் ரவுட்டர் மடக்கு மேசையில் இருக்கிறது. 40 மீட்டரிலேயே படம் திக்குகிறது. அதே ரவுட்டரை லைட் ஸ்டாண்டில் கட்டி 3 மீட்டருக்கு மேல் உயர்த்தி, கேமராவின் சிறு ஆண்டெனாவையும் இடுப்பிலிருந்து எடுத்துத் தனிக்கம்பில் ஏற்றினால் வயலின் மறுகோடி வரை படம் போகும்.

குற்றாலத்தில் சாரல்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்று சொல்வார்கள். அது சரியல்ல. சில நூறு மீட்டரில் சாரல் விழுங்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதே அல்ல. நனைந்த இலையும், பாறை முடுக்கும், குளிக்க நிற்கும் கூட்டமுமே காரணம், மனித உடல் பெரும்பாலும் நீர் என்பதால். செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதை போன்ற மர நெருக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸை விட 2.4 நன்றாக ஊடுருவும்; ஆனால் பேரருவித் துறையில் ஆயிரம் செல்போன்களும் அருகிலுள்ள விடுதிகளும் அதே அலைவரிசையில் இருக்கும். பாறை வளைவில், அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வைப்பதே வழி. ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும் என்பதால், பெரிய ரா கோப்பை கேமராவிலேயே விட்டுவிட்டு சிறிய ஜேபெக்கை மட்டும் அனுப்ப வேண்டும். 5 மெகாபிட் வேகத்தில் 50 மெகாபைட் ரா 80 விநாடி எடுக்கும், 1 மெகாபைட் ஜேபெக்குக்கு 2 விநாடி போதும். சாரல் செய்யும் உண்மையான கேடு ஆண்டெனா இணைப்புக்குள் நீர் புகுவது. ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றாமல் அங்கே பெட்டியைத் திறக்கவே கூடாது.

விதியும் இன்றைய நிலையும்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 ஜனவரியில் உரிமம் தேவையற்றதானது. கருவிக்கு 1 வாட், ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்து 4 வாட் என்பது வரம்பு. 1 வாட் கருவியில் 6 டெசிபெல்லுக்கு மேல் குவிக்கும் ஆண்டெனாவை மாட்டினால் சக்தியைக் குறைத்தாக வேண்டும். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இப்போது டெராடெக், ஹாலிலேண்ட் போன்ற நிறுவனங்களின் கருவிகள் அந்தப் பட்டையில் வீடியோவைக் கண்ணுக்குத் தெரியாத தாமதத்தில் அனுப்புகின்றன. கல்யாணப் படக்காரர்களும் வாடகைக்கு எடுக்கிறார்கள்.