கணினி நிறுத்தமும் கோப்பு முறைமை இறக்கமும்

கணினியை நிறுத்துமுன், அதில் இணைந்துள்ள கோப்பு முறைமைகளை முறையாக விடுவிப்பது கோப்பு முறைமை இறக்கம் எனப்படும். பயனர் சேமிக்கும் தரவை இயங்குதளம் அந்த நொடியே வட்டில் எழுதிவிடுவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பின்னர் எழுதுகிறது. இதனால் வேகம் கூடுகிறது. ஆனால் இடையில் மின்சாரம் நின்றால் நிலுவையில் இருந்த தரவு அழியும்; வட்டின் உள்கணக்கும் குழம்பும். நிலுவையை எழுதி முடித்து, வட்டு நல்ல நிலையில் உள்ளது எனக் குறித்து வைப்பதே இறக்கத்தின் பணி.

தோற்றம்

பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்சின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உரிய மவுண்ட், யூமவுண்ட் கட்டளைகள் அதிலேயே இடம்பெற்றன. அக்காலத்தில் வட்டுத் தொகுதிகளைக் கையால் தூக்கி இயக்கியில் பொருத்தினர். கட்டளைகளின் பெயர்கள் அச்செயலை ஒட்டியவை.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் கையேடு, திறந்த கோப்பு ஒன்று இருந்தாலோ, ஏதேனும் ஒரு நிரல் அதன் அடைவுக்குள் இயங்கிக்கொண்டிருந்தாலோ இறக்கம் மறுக்கப்படும் என்கிறது. அதற்குரிய பிழை எண் 16. 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்னும் இப்பிழைக்கு லினக்சிலும் இன்றுவரை அதே எண்தான்.

கணினியை நிறுத்துமுன் 'சிங்க்' கட்டளையை மூன்று முறை தட்டும் வழக்கமும் அன்று இருந்தது. எழுதும் பணி முடியுமுன்பே அக்கட்டளை திரும்பிவிடும். மீண்டும் மீண்டும் தட்டுவது வட்டுக்குச் சற்று அவகாசம் தந்தது.

லினக்சில் வளர்ச்சி

1993இல் வந்த எக்ஸ்ட்2 முறைமையில், முறையற்ற நிறுத்தத்திற்குப் பின் முழு வட்டையும் சோதிக்க வேண்டியிருந்தது. 2001இல் லினக்சில் சேர்ந்த எக்ஸ்ட்3, மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்ததால் மீட்பு விரைவானது. ஆயினும் பதிவேடு பொதுவாக வட்டின் கட்டமைப்பையே காக்கிறது. வட்டைச் சேராத எழுத்தை அது மீட்டுத் தராது.

நிறுத்தத்தின்போது முதலில் எல்லா நிரல்களுக்கும் முடித்துக்கொள்ளும்படி அறிவிப்பு செல்லும். அதன் பின்னும் ஓடுபவை வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும். வலையமைப்பு வழி ஏற்றப்பட்டவற்றை, வலையமைப்பு அணையுமுன் இறக்கியாக வேண்டும். வேர் முறைமையை இறக்குவது மேலும் கடினம். இறக்கும் நிரலே அதிலிருந்துதான் இயங்குகிறது. எனவே அது படிக்க மட்டும் இயலும் நிலைக்கு மாற்றப்பட்டது. 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, தேவைப்படும்போது நினைவகத்திலுள்ள சிறு முறைமைக்குத் தாவி, வேரையும் இறக்கும் வழியைத் தந்தது.

2001 முதல் லினக்சில் 'சோம்பல் இறக்கம்' என்னும் வழியும் உண்டு. இது முறைமையை உடனே கண்ணுக்கு மறைக்கிறது. ஆனால் திறந்த கோப்புகள் மூடப்படும்வரை உண்மையான விடுவிப்பு நடப்பதில்லை. இதை நம்பி மின்சாரத்தைத் துண்டிப்பது ஆபத்தானது. எந்த நிரல் தடுக்கிறது என்பதை பியூசர், எல்சாப் கருவிகளால் கண்டறிந்து அதை மூடுவதே பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில்

2007 வாக்கில் எல்காட் நிறுவனம் சூசி லினக்சைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோசுடன் பாஸ் லினக்சையும் மாணவர் கைகளில் சேர்த்தது. அதே காலத்தில் மாநிலம் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரே நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. மடிக்கணினிக்கு மின்கலம் துணை நின்றது. தடையில்லா மின்வழங்கி இல்லாத மேசைக்கணினிகளுக்கு அந்தத் துணை இல்லை.

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேடு போன்ற நெசவுப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். முன்பு கட்டத்தாளில் வரைந்த சேலை வடிவங்கள் இப்போது கணினியில் வரையப்பட்டு, ஜக்கார்டு அட்டைகளாகத் துளையிடப்படுகின்றன. விரலியில் ஏற்றிய வடிவக் கோப்பு, இறக்காமல் பிடுங்கப்பட்டால் சிதையலாம். அட்டை அடிக்கும் முன்பே கோப்பு சிதைந்தால், வடிவத்தை மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டியதுதான்.