வடக்கன்குளம் பங்கும் அதன் சுவரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழ்க் கத்தோலிக்கர் தம் ஊர்த் திருச்சபை அமைப்பினைப் 'பங்கு' என்னும் சொல்லால் வழங்குவர். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குக் கோயில் ஆகிய வழக்குகள் அதிலிருந்து கிளைத்தவை. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு இணையான சொல், ஒரு வீட்டின் அருகே குடியிருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை மூலமாகக் கொண்டது. தமிழ்ச் சொல்லோ, பொதுவான ஒன்றில் ஒருவருக்கு உரிய கூற்றினைக் குறிக்கிறது. பங்காளி, பாகம், பிரிவினை என்னும் சொற்களின் சூழலில் வைத்தே இச்சொல்லை நாம் அறிந்திருக்கிறோம். சொல்லாராய்ச்சியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. எனினும், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில், கோயிலில் எவருக்கு எவ்வளவு பங்கு என்ற வினா அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பூசலாக நடந்து, இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. அவ்வழக்கின் முடிவைக் காட்டிலும் அம்முடிவுக்குக் கூறப்பட்ட காரணமே சிந்திக்கத்தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊரும் பங்கும்

வடக்கன்குளம் இன்றைய இராதாபுரம் வட்டத்தில், பணகுடிக்கு அண்மையில் அமைந்த ஊர். மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாயாகிறது. அக்கணவாயின் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நாஞ்சில் நாட்டுக்கு மழையைத் தந்துவிட்டு, இப்பக்கம் பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வருகிறது. கிழக்கே செல்லச் செல்லச் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் மிகுகின்றன. குளத்துப் பாசனம் உள்ள இடத்தில் நெல்லும், அஃதில்லாத இடத்தில் பனையும் மக்களை வாழவைத்தன. நிலம் வைத்திருந்தோரும் கணக்கெழுதியோரும் பெரும்பாலும் வேளாளர். பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சியோர் நாடார். அக்கால ஆவணங்கள் நாடாரைச் 'சாணார்' என்றே குறிக்கின்றன. அரசுப் பதிவுகளில் 'நாடார்' என்னும் பெயர் இடம்பெறுவதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வூரின் கத்தோலிக்க வரலாறு 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மதுரை மிஷனைச் சார்ந்த இயேசு சபையினரால் தொடங்குகிறது. நாடார் சமூக வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ், 1680இல் ஒரு நாடார் பெண் திருமுழுக்குப் பெற்றதிலிருந்து இச்சபையின் தோற்றத்தைக் கணக்கிடுகிறார். பிற்காலத்தில் கோயிலின் முதலிடத்திற்கு உரிமை கொண்டாடியவர்கள் வேளாளர் என்பதனை நோக்கும்போது இத்தொடக்கம் நினைவில் நிறுத்தத்தக்கது.

மதுரை மிஷன் சாதியை எவ்வாறு அணுகியது என்பது தமிழறிஞர் பலரும் அறிந்த செய்தி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களேயன்றிச் சமய அடையாளங்கள் அல்ல என வாதிட்டார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரியார், மூடநம்பிக்கை நீங்கிய நிலையில் அவற்றை வைத்துக்கொள்ள இசைவளித்தார். இவ்வாதத்தின் விளைவு இருமுகமானது. தமிழ் மரபோடு ஒட்டிய ஒரு கிறித்தவம் தோன்ற அது வழிவகுத்தது. வீரமாமுனிவரின் பணியும் அம்மரபில் வளர்ந்ததே. அதே வேளையில், சாதி என்பது உலகியல் ஒழுங்கு, அதில் சமயம் தலையிடவேண்டியதில்லை என்ற எண்ணமும் அதனோடு உள்நுழைந்தது. 1640 முதல், தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்றப் 'பண்டாரசாமிகள்' என்னும் தனிப்பிரிவினர் அமைந்தனர். 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர், பறையர் குடிசைகளுக்குள்ளும் சென்று அருளடையாளங்களை வழங்கவேண்டும் என ஆணையிட்டார். அதற்கு விடையாக அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிப்பதாக இயேசு சபையினர் ஏற்றுக்கொண்டனர். ஆணை நிறைவேறியது, பிரிவினையும் குலையவில்லை.

அடுத்த ஆண்டில், அதாவது 1745இல், வடக்கன்குளத்தின் பெயரை உலகறியச் செய்த நிகழ்வு நடைபெற்றது. திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்து வந்த நாயர் குலத்தவரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்டு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக மாறியிருந்த தெ லனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். அரசரின் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்திற்கு வந்து, பங்குக் குருவான புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமே அது. 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஞானப்பூ அதன்பின் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் தாழ்ந்தவராகக் கருதப்பட்டோருடன் கலந்து பழகியதும் ஒன்று என்று மரபு கூறுகிறது.

கோயில் மரியாதை

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் இப்பகுதியின் பங்குகள் பல்லாண்டுகள் போதிய குருக்கள் இன்றி வாழ்ந்தன. 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மீண்டும் வந்தனர். இந்த இடைக்காலத்தை வெற்றிடமாகக் காணுதல் தவறு. குரு இல்லாத ஊரில் செபம் சொல்லியவர், மறைக்கல்வி கற்பித்தவர், சாவுக்கும் மணத்துக்கும் முன்னின்றவர் உபதேசியாரும் கோயிற்பிள்ளையும் ஆவர். எழுத்தறிவு எவரிடம் இருந்ததோ அவரிடமே இப்பதவிகள் சென்றன; தந்தைக்குப்பின் மகன் என்ற முறையில் அவை குடும்ப உரிமையாக இறுகின. எனவே, புதிதாக வந்த பிரெஞ்சுக் குரு, தாம் நடத்தவேண்டிய பங்கு ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்டிருப்பதைக் கண்டார். பூசையில் உதவுவோர், பீடத்தருகே பாடுவோர், தேர்வடத்தை முதலில் தொடுவோர், நற்கருணையை முதலில் பெறுவோர் என ஒவ்வொன்றுக்கும் உரியவர் இருந்தனர்.

இதனை இந்துக் கோயில் மரியாதைகளின் சாயல் என்று மட்டும் கூறிக் கடந்துவிடுதல் பொருந்தாது. தென்தமிழகச் சிற்றூர்களில் கோயில், சாதி வேறுபாடின்றி ஊரார் யாவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடிய ஒரே இடமாக இருந்தது. வயலில் நிலவும் ஏற்றத்தாழ்வு அன்றாடம் நிகழ்வது. அதற்கு விழா எடுப்பதில்லை. கோயிலிலோ அது ஆண்டுதோறும் கொடியேற்றத்திலிருந்து தேரோட்டம் வரை அனைவர் முன்னும் அரங்கேறியது. ஆகவேதான் முதல்வடம் தொடுவது போன்ற, வெளியார்க்கு அற்பமாகத் தோன்றும் செய்திகளுக்காகக் குடும்பங்கள் தம் சேமிப்பை வழக்கில் கரைத்தன.

19ஆம் நூற்றாண்டில் நாடார் நிலை மாறத் தொடங்கியது. கருப்புக்கட்டி வாணிகமும் கல்வியும் சிலருக்குப் பொருளும் துணிவும் தந்தன. அண்டையில் தென்திருவிதாங்கூரில் 1858, 1859ஆம் ஆண்டுகளில் தோள்சீலைக் கலகம் உச்சத்தை எட்டியது. வடக்கன்குளம் இருக்கும் அதே வட்டாரத்தைச் சேர்ந்த இடையன்குடியில் 1841 முதல் கால்டுவெல் பணியாற்றி வந்தார். சீர்திருத்தச் சபையில் சாதிக்கு எதிராக 1833இலேயே கல்கத்தா ஆயர் வில்சன் கட்டளை பிறப்பித்திருந்தார். கத்தோலிக்கக் குருமார்க்கு இது இருதலைக்கொள்ளி நிலை. நாடார் கோரிக்கையைப் புறக்கணித்தால் அவர்கள் செல்வதற்கு வேறு சபை அருகிலேயே இருந்தது. ஏற்றால், பங்கினை நெடுங்காலம் தாங்கி நின்ற வேளாளரை இழக்க நேரிடும்.

இந்நிலையில் 1870களில் எழுந்ததுதான் வடக்கன்குளத்தின் புகழ்பெற்ற புதிய கோயில். காற்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு தனித்தனி நடுக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சந்திக்கும்படி அது அமைக்கப்பட்டது. ஒரு கூடத்தில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இடையே தடுப்புச் சுவர். இரு சாராரும் ஒரே குருவைக் கண்டனர், ஒரே பூசையில் பங்குகொண்டனர். ஒருவரை ஒருவர் மட்டும் தொடவேண்டியதில்லை. சூசன் பெய்லி முதலிய ஆய்வாளர்கள் இக்கட்டடத்தை எடுத்தாண்டதில் வியப்பில்லை. நொபிலி காலத்திலிருந்து சொற்களால் காக்கப்பட்டு வந்த சமரசம் இங்குக் கல்லும் சுண்ணாம்புமாக நின்றது. கட்டியவர்களைக் கொடியவர்கள் என்று கூறிவிட முடியாது. சண்டை ஓயவேண்டும், எவரும் வெளியேறலாகாது என்றே அவர்கள் கருதினர். ஆனால் அதுவரை வழக்கமாக மட்டும் இருந்ததனை அவர்களே கண்கூடான உரிமையாக்கிவிட்டனர்.

சுவர் இடிந்தபின்

1910இல் இச்சுவரை இடித்தவர், இயேசு சபைக் குருவான அதிரியான் கௌசானல். வேளாளரும் முதலியாரும் அடங்கிய ஒரு குழுவினர் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த்தே மீது வழக்குத் தொடுத்தனர். சட்டத் தொகுப்புகளில் 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே' என்று இடம்பெறுவது இவ்வழக்கே. இடித்த சுவரை மீண்டும் எழுப்பவேண்டும், பீடப் பணிகளில் தமக்குள்ள தனியுரிமையை நிலைநாட்டவேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள்.

சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. தீர்ப்பின் காரணம் நுட்பமானது. வாதிகள் கேட்பது பிறரது தீண்டலிலிருந்து விடுதலை. அவ்வுரிமைக்குத் தீட்டு என்பதைத் தவிர வேறு மூலம் இருக்கமுடியாது. தீட்டு என்னும் கருத்துக்குக் கிறித்தவர்களிடையே சமய நிலையிலும் உலகியல் நிலையிலும் இடமில்லை. இவர்கள் இந்துக்கள் அல்லர் ஆகையால் இந்து நூல்களின் சான்றைத் துணைக்கழைக்கவும் இயலாது என்பது நீதிபதிகளின் வாதம். மூன்று நூற்றாண்டுகளாக, சாதி என்பது சமயம் சாராத சமூக வழக்கம் என்று கூறியே கிறித்தவத்துக்குள் அதற்கு இடம் தரப்பட்டிருந்தது. நீதிமன்றமோ, தீட்டைச் சமயத்திலிருந்து பிரிக்க முடியாது, வேறு சமயத்தை ஏற்றவர் அதனைக் கோரமுடியாது என்றது. நொபிலியின் வாதம் சென்னையில் தலைகீழாயிற்று.

இத்தீர்ப்பைச் சமத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுவதற்குமுன் கமுதி வழக்கை அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1897இல் நாடார் சிலர் இராமநாதபுரம் சமத்தானத்தின் ஆளுகையிலிருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நாடாருக்கு எதிராக முடிந்தது. கோயிலுள் நுழையும் உரிமை அவர்களுக்கு வழக்கத்தின்படி இல்லை என்று தீர்ப்பாயிற்று. பத்தாண்டுக்கும் குறைவான இடைவெளியில், அதே பேரரசின் நீதிமன்றங்களின் முன், அதே சாதியைச் சார்ந்த மக்கள் ஓரிடத்தில் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மற்றோரிடத்தில் அவர்களைத் தடுத்த சுவர் மீண்டும் எழாதபடி காக்கப்பட்டது. மனிதர் சமம் என்னும் கோட்பாடு இவ்விரண்டிலும் தீர்ப்பின் அடிப்படையாக இல்லை. ஒவ்வொரு சமயத்தாரின் வழக்கம் எது என்ற ஆய்வே இரண்டையும் முடிவு செய்தது. வடக்கன்குளத்து நாடாரின் நல்லூழ், அவர்கள் வழிபட்ட இடம் மாதா கோயிலாக இருந்ததே எனலாம்.

தமிழ் கற்பிப்போர் மாணவர்க்குச் சமூகச் சீர்திருத்த வரலாற்றைக் கூறும்போது வைக்கம் போராட்டத்தையும் 1939ஆம் ஆண்டு மதுரைக் கோயில் நுழைவையும் தவறாமல் குறிப்பிடுவர். அவ்வரிசையில் இச்சிற்றூர் இடம்பெறுவதில்லை. கிறித்தவரின் உட்பூசல் எனப் பொது வரலாறு இதனை ஒதுக்கியது. திருச்சபை வரலாறோ, பெருமைக்குரியதன்று என விரைந்து கடந்தது. சுவரை இடித்த குருவின் துணிவு போற்றப்படும் அளவுக்கு, அதனை நாற்பது ஆண்டுகள் பேணிய ஆட்சிமுறை பேசப்படுவதில்லை.

வேறொரு குறைபாடும் இவ்வரலாற்றில் உண்டு. இப்பூசலில் எதிரெதிரே நின்ற இரு சாராரும் பொருளும் வழக்கறிஞரும் தேடிக்கொள்ள வல்லவர்கள். அவ்வசதி அற்றோரின் நிலை வேறு. நாடார்க்கும் கீழே வைக்கப்பட்ட தலித் கத்தோலிக்கரின் கோரிக்கை தமிழகத்தின் பல பங்குகளில் மிகப் பிற்காலத்திலேயே ஒலிக்கத் தொடங்கியது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் வன்னியக் கத்தோலிக்கர்க்கும் தலித் கத்தோலிக்கர்க்கும் இடையே மூண்ட பூசலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் இரையாயினர். அங்கும் கோயிலின் பொது உரிமைகளில் எவருக்குப் பங்கு என்பதே வினா.

வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2012இல் கோட்டாற்றில் அருளாளராகவும், 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே அவர் பெயரைப் பற்றியே ஒரு வழக்காடல் நடந்தது. 'பிள்ளை' என்பது சாதிப் பட்டம், அதனை நீக்கவேண்டும் என்று 2017இல் வத்திக்கானுக்கு விண்ணப்பம் சென்றது. தொடக்கத்தில் அது ஏற்கப்படவில்லை. பின்னர் ஏற்கப்பட்டு, புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட நாளில் அவர் 'தேவசகாயம்' என்று மட்டுமே அழைக்கப்பட்டார். 1745இல் புத்தாரியின் கையால் அவர் பெற்ற பெயரும் அதுவே.