ஒரே லேப்டாப்பில் பல வெப்சைட்.. விர்ச்சுவல் ஹோஸ்ட் செட் பண்றது எப்படி? பெயர் வைக்கும்போது உஷார்!

லேப்டாப்பில் ஸாம்ப் போட்டு வெப்சைட் செய்து பழகுபவர்கள், எல்லா புராஜெக்ட்டையும் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் வைத்து, 'லோக்கல்ஹோஸ்ட்' பெயருக்குப் பின்னால் ஃபோல்டர் பெயரைச் சேர்த்துத் திறப்பது வழக்கம். அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். நிஜ சர்வரில் ஏற்றியதும் படம் வராது, லிங்க் உடையும். லேப்டாப்பில் ஃபோல்டர் பெயரோடு எழுதிய பாதை, சர்வரில் இல்லாததுதான் காரணம்.

இதற்கான தீர்வுதான் விர்ச்சுவல் ஹோஸ்ட். அப்பாச்சி சர்வர் ஒன்றுதான், ஐபி முகவரியும் அதே 127.0.0.1 தான். ஆனால் பிரவுசர் எந்தப் பெயரைக் கேட்கிறதோ, அதற்குரிய ஃபோல்டரை அப்பாச்சி திறந்து கொடுக்கும்.

எங்கே மாற்றணும்?

இரண்டு ஃபைல்கள். ஸாம்ப்பின் அப்பாச்சி செட்டிங்கில் 'எக்ஸ்ட்ரா' ஃபோல்டருக்குள் இருக்கும் விஹோஸ்ட்ஸ் ஃபைலில், சைட்டின் பெயரை 'சர்வர்நேம்' என்றும், ஃபோல்டரை 'டாக்குமென்ட்ரூட்' என்றும் எழுத வேண்டும். அடுத்து விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.0.1 என்று போட்டு, பக்கத்தில் அதே பெயர். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் இந்த ஃபைல் சேவ் ஆகாது. கடைசியாக அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதை முடித்ததும் பலருக்கு லோக்கல்ஹோஸ்ட் பக்கம் காணாமல் போய், புது சைட் மட்டுமே வரும். பயப்பட வேண்டாம். பெயர் பொருந்தாதபோது, பட்டியலில் முதலில் இருப்பதையே அப்பாச்சி காட்டும். எனவே லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் ஒரு பகுதி எழுதி, அதை முதலில் வையுங்கள்.

'.டெவ்' வேண்டாம், ஏன்?

பழைய டுடோரியல்களில் '.டெவ்' என்று முடியும் பெயரைத்தான் வைக்கச் சொல்வார்கள். அந்த முடிவு இப்போது கூகுள் வசம். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல், '.டெவ்' முகவரிகள் கட்டாயம் எச்டிடிபிஎஸ்ஸில்தான் திறக்கும். சர்டிஃபிகேட் இல்லாத உங்க லோக்கல் சைட்டுக்கு எரர்தான் மிஞ்சும். '.டெஸ்ட்' என்று வைப்பதே பாதுகாப்பு. சோதனைக்காகவே 1999-ல் ஒதுக்கப்பட்ட பெயர் அது, யாருக்கும் விற்கப்படாது.

இதைவிட ஆபத்து, வாடிக்கையாளரின் நிஜ டொமைனையே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிட்டு அழிக்க மறப்பது. நீங்க திருத்தியது உங்க திரையில் பளிச்சென்று தெரியும், ஊரெல்லாம் பழைய சைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க. லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைல் போனைத் தொடாது.