மோரிஸ் மைனரும் மாற்றாரின் பல்சக்கரமும்

1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மோரிஸ் மைனர், விரைவுச்சாலைகளுக்கு முந்திய காலத்தின் கார். பிரிட்டனின் முதல் மோட்டார்வே திறக்கப்பட்டதே 1958இல்தான். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த அச்சிறு வாகனத்துக்கு ஊர்ச்சாலைகளும் மேடுபள்ளங்களுமே உலகம். 1956இல் வந்த 948 சிசி மைனரில்கூடப் பின்சக்கரம் ஒருமுறை சுழல, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.55 முறை சுழல வேண்டும். வேகம் கூடினால் எஞ்சின் அலறும்.

இதற்குப் பழங்கார் அன்பர்கள் கண்ட வைத்தியம், 1960களின் இறுதியில் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டின் டிஃபரன்ஷியலைக் கழற்றி மைனரில் பூட்டுவது. 9 பல் பினியனும் 41 பல் கிரவுன் வீலும் போய், 10க்கு 39 வந்து அமர்கிறது. விகிதம் 3.9. அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழில் ஒரு பங்கு குறைவாகச் சுழன்றால் போதும்.

மூலம் கெட்டது என்று வருந்துவோர் உண்டு. எந்த மூலம்? 1952இல் மோரிஸின் தாய்நிறுவனமான நஃபீல்டு, பரம எதிரியான ஆஸ்டினோடு இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயிற்று. தொடர்ந்து ஆஸ்டினின் எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. பின் அச்சும் புகுந்தது. மிட்ஜெட்டின் அச்சும் அதே குடும்பம். இல்லாவிடில் இந்த மாற்றம் இத்தனை எளிதாய் இராது. தொழிற்சாலை தொடங்கியதைத்தான் இவர்கள் தொடர்கிறார்கள் என்பேன்.

விலை உண்டு. 1962இன் 1098 சிசி எஞ்சின் இதைத் தாங்கும். பழைய 803 சிசி, மேடு கண்டால் மூச்சுவாங்கும். வேகமானியும் பொய் சொல்லும்: முன்பு சரியாகக் காட்டிய 60 மைல், இப்போது உண்மையில் 70.