பேரேட்டிலிருந்து பி.காம். வரை

நெல் மண்டியில் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதிப் பழகுவதுதான் காவிரிப் படுகையின் பழைய வணிகப் படிப்பு.

அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது சென்னை. 1886-இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளி தொடங்கினார்கள். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி வந்தது 1913-இல்தான்.

காவிரிப் படுகையிலுள்ள திருக்காட்டுப்பள்ளியின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு வழி திறந்தது சர் சிவசாமி ஐயர் பெயர் தாங்கிய பள்ளி. பக்கத்துப் பழமார்நேரியில் 1864-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர் அவர். ஊர் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

1982-இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானது. அதன் இணைப்புக் கல்லூரிகளில் இன்று பி.காம்., கணினிப் பயன்பாட்டோடு பி.காம்., பி.பி.ஏ. என்று பிரிவுகள் உண்டு. மாணவர்களே, பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.